அட்டை எங்கே செல்லும்?

உசிலம்பட்டிப் பக்கம் மஞ்சள் காமாலைக்கு டாக்டரிடம் போகிற வழக்கமில்லை. காய்ச்சலென்றால் ஊசி போடப் போவோம். கை கால் முறிந்தால் கட்டுப்போடப் போவோம். கண் மஞ்சளித்தால் மட்டும் நாட்டு வைத்தியர் வீட்டுத் திண்ணைதான். விடியற்காலையில் வெறும் வயிற்றில், கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கித் தருவார்கள். உப்பு, புளி, எண்ணெய் எதுவும் ஆகாது. பத்தியம் பிசகாமல் இருந்தால் சில வாரத்தில் கண் வெளுத்துவிடும். வெளுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர் உண்டு. அதனால்தான் அந்தத் திண்ணை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

படித்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கெட்ட தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருகிற ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஆறிவிடும். பெரும்பாலும் ஓய்வே போதும். ஆறிய பெருமை கீழாநெல்லிக்குப் போகும். அந்தச் செடியை விஞ்ஞானிகளும் விட்டுவைக்கவில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி பற்றி லான்செட் இதழில் எழுதியது. உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை.

2019 ஆடி மாதம் அம்மாவுக்குக் கண் மஞ்சளித்தபோது அவளும் அந்தத் திண்ணைக்குத்தான் போனாள். ஆனால் அதற்கு முன்பே வேறொன்று தொடங்கியிருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரியில் கூடுதலாக. சொறிந்து சொறிந்து முழங்கையெல்லாம் தழும்பு. நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் ஏதோ செடி பட்டுவிட்டது என்று வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

வைத்தியர் கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“ஏத்தா, வெளிக்குப் போறது என்ன நெறத்துல இருக்கு?”

“வெளுத்துத்தான் போகுதுய்யா. மஞ்சளே இல்ல. ஒண்ணுக்கு மட்டும் காப்பித் தண்ணியா வருது.”

அவர் அரைத்து வைத்திருந்த மருந்தை ஓரமாக நகர்த்திவிட்டார். “இது ஈரல் காமாலை இல்ல. அடப்புக் காமாலை. என் மருந்து இதுக்கு ஏறாது. வகுத்த ஸ்கேன் எடுத்துப் பாரு. தாமசம் பண்ணாத.”

அம்மா எனக்குப் போன் போட்டுச் சொன்னபோது, எங்களுடைய முதல் குடல் டாக்டர் அவர்தான் என்று தோன்றியது. மலத்துக்கு நிறம் தருவது பித்தநீர். அது குடலுக்கு வராமல் வழியில் அடைபட்டால் மலம் வெளுக்கும். அடைபட்ட பித்தம் ரத்தத்தில் கலந்து கண்ணையும் சிறுநீரையும் நிறம் மாற்றும். தோலில் அரிப்பைக் கிளப்பும். எம்.பி.பி.எஸ். படிப்பவர்கள் பாடத்தில் படிப்பதை அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். தன் மருந்தின் எல்லை எது என்று தெரிந்தவர் அவர். அதன் பிறகு நாங்கள் ஏறி இறங்கிய சில இடங்களில் அந்தத் தெளிவு அரிதாகத்தான் தென்பட்டது.

உசிலம்பட்டியிலேயே ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கற்கள். அதிலிருந்து குடலுக்கு வருகிற பொதுப் பித்தநாளம் வீங்கியிருக்கிறது. அதற்குள்ளும் ஒரு கல் இறங்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா வெகு நிதானமாகச் சொன்னார்: “பித்தப்பைக் கல்ல சர்ஜன் எடுத்துருவாரும்மா. குழாய்க்குள்ள எறங்குன கல்லுக்கு கேஸ்ட்ரோ டாக்டர் வேணும். அதுலயும் வாய் வழியா குழாய் விட்டுக் கல்லெடுக்கற ஈ.ஆர்.சி.பி. பண்றவரா இருக்கணும். மதுரைக்குப் போயிருங்க.”

எங்களுக்கு அதுவரை வயிற்று டாக்டர் என்றால் எல்லாரும் ஒன்றுதான். ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ்., மூன்று வருடம் எம்.டி., அதற்கு மேல் மூன்று வருடம் டி.எம். என்று படித்து வருகிறவர்தான் இரைப்பை குடல் மருத்துவர். கத்தி எடுக்கிற குடல் சர்ஜன் வேறு, குழாய் விட்டுப் பார்க்கிற குடல் மருத்துவர் வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் என். மதனகோபாலனும் என். ரங்கபாஷ்யமும் இந்த இரண்டு துறைகளையும் தனித்தனியே வளர்த்தெடுத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த தலைமுறைகள் மாநிலமெங்கும் பரவின. ஆனாலும் மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரைத் தாண்டி, தாலுகா ஊர்களில் ஒரு குடல் மருத்துவரைக் காண்பது இன்றும் அபூர்வம். குழாய்க் கருவியும், அதோடு எக்ஸ்ரே பார்க்கிற வசதியும், பழகிய நர்சுகளும் இல்லாமல் அந்த டாக்டர் மட்டும் வந்து என்ன செய்வார்?

காசுக்கு என்ன செய்வது என்ற யோசனை வந்தபோது அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து காப்பீட்டு அட்டையை எடுத்தாள்.

அந்த அட்டைகளுக்கும் எனக்கும் பழக்கம் அதிகம். மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்போதே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று என்று காப்பீட்டுத் திட்டத்துக்காக நகல் எடுக்க வருகிறவர்கள் காலையிலிருந்தே நிற்பார்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த காலத்திலிருந்தே அந்த வரிசை உண்டு என்று முதலாளி சொல்வார். அப்போது ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. ஆண்டுக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்து, தமிழ்நாட்டுத் திட்டத்தோடு இணைந்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்று ஏறியது. ஆட்சி மாறினாலும் படம்தான் மாறியது, திட்டம் நிற்கவில்லை. எங்கள் மாநிலத்தில் அது பெரிய விஷயம்.

அம்மாவின் அட்டையில், இறந்துபோன அப்பா இன்னும் இருந்தார். ரேஷன் கார்டில் அவர் பெயர் நீக்கப்பட்டு, ஸ்மார்ட் கார்டும் வந்துவிட்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. புதிதாகப் பதியச் சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலர் அம்மாவிடம், “வருசத்துக்கு என்ன வருமானம்?” என்று கேட்டார். அப்போது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 2022இல்தான் அதை 1,20,000 ஆக்கினார்கள். அம்மா விரல் விட்டு எண்ணினாள். நூறு நாள் வேலைக் கூலி, விதவை உதவித்தொகை மாதம் 1,000, இரண்டு ஆடு. “ஆட்டையும் சேக்கணுமாய்யா?” என்றாள். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கலெக்டர் ஆபீசில் போட்டோ பிடித்து, ரேகை வைத்து, எண் கொடுத்தார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். தேடல் அங்கேதான் தொடங்கியது.

மதுரையில் தனியார் ஆஸ்பத்திரிகளின் வாசலில் திட்டத்தின் பலகை இருக்கும். ‘இங்கு காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை அளிக்கப்படும்.’ அந்தப் பலகையைப் பார்த்து ஓர் ஆஸ்பத்திரிக்குள் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்து, “அட்டை செல்லும்” என்றாள். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அந்தப் பெண் ஸ்கேனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்குச் செல்லாதுக்கா. எங்களுக்கு எலும்புக்கும் இதயத்துக்கும்தான் அனுமதி. வயித்துக்கு இல்ல” என்றாள். ஓர் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லா நோய்க்கும் இருக்கிறது என்று பொருளில்லை. எந்தெந்தப் பிரிவுக்கு வசதியும் மருத்துவரும் இருக்கிறார்களோ அந்தப் பிரிவுக்குத்தான் அங்கீகாரம். பலகை அதைச் சொல்லாது.

இன்னோர் இடத்தில் வயிற்றுப் பிரிவுக்கும் அங்கீகாரம் இருந்தது. குடல் டாக்டர் சாயங்காலம் மட்டும் வருவார். அவரைப் பார்க்கக் கட்டணம். ரத்தப் பரிசோதனைக்குக் கட்டணம். நாளத்தைப் படம் பிடிக்கிற எம்.ஆர்.ஐ.க்குக் கட்டணம். “அட்டை இருக்கேம்மா?” என்று அம்மா கேட்டாள். “அது ஆப்பரேஷன் முடிவானப்புறம்தான் பாட்டி” என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. திட்டம் பணம் கட்டுவது, படுக்கையில் சேர்ந்து செய்துகொள்கிற, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு. தேர்ந்தெடுத்த சில பரிசோதனைகளும் அதில் உண்டு. ஆனால் வெளிநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்க்கிற கட்டணத்துக்கு அதில் இடமில்லை. டாக்டர் நல்லவர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “நான் இந்த ஈ.ஆர்.சி.பி.யை வேற ஆஸ்பத்திரிலதான் பண்றேன். அங்க அட்டை எடுக்கறதில்லயே” என்றார். ஒரே டாக்டர். சாயங்காலம் உட்கார்கிற இடத்தில் அட்டை செல்லும், அங்கே கருவி இல்லை. காலையில் கருவி இருக்கிற இடத்தில் அட்டை செல்லாது.

இன்னோர் இடத்தில் கருவியும் இருந்தது, டாக்டரும் இருந்தார், அங்கீகாரமும் இருந்தது. ஆனால் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பித்தப்பை ஆப்பரேஷனை அட்டையில் செய்துகொள்ளலாம், குழாய்க் கல்லை மட்டும் காசு கட்டி எடுத்துவிடுங்கள், ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. ஏன் என்று கேட்டேன். “பேக்கேஜ் கட்டாதும்மா.”

அந்தச் சொல்லை அதன் பிறகு பல இடங்களில் கேட்டேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு தொகையை முன்கூட்டியே நிர்ணயித்திருக்கிறது. அதுதான் பேக்கேஜ். படுக்கை, மருந்து, டாக்டர், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நோயாளியிடம் மேற்கொண்டு ஒரு பைசா வாங்கக் கூடாது என்பது விதி. குழாய்க் கல் எடுப்பதில் கையைவிடச் சாமான் செலவு அதிகம். நாளத்துக்குள் விடுகிற மெல்லிய கம்பி, கல்லை இழுக்கிற பலூன், கூடை, பிறகு வைக்கிற ஸ்டென்ட். அத்தனையும் விலையுள்ளவை. கருவி பழுதானால் சரிசெய்யவே லட்சக் கணக்கில் ஆகும். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. ஆனால் கட்டாத பேக்கேஜுக்கு அங்கீகாரம் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வாசலில் பலகையும் மாட்டிவிட்டு, உள்ளே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசுவது எந்தக் கணக்கில் சேரும்?

திருப்பூரிலிருந்து தம்பி போன் போட்டான். “பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோமே அக்கா” என்றான். அம்மா ஒப்பவில்லை. அப்பாவை விரியன் கடித்தபோது தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. “அந்த வாசல்ல இன்னொருக்கா என்னய நுழைய வைக்காதீக” என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளிடம் யார் பேச முடியும்?

அவள் பிடிவாதத்தை உடைத்தது காய்ச்சல். ஒரு ராத்திரி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தினாலும் நடுக்கம் நிற்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலி. உளற ஆரம்பித்தாள். வலி, குளிர் காய்ச்சல், காமாலை மூன்றும் சேர்ந்தால் அடைபட்ட பித்தநாளத்தில் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அது ரத்தத்தில் ஏறினால் உயிர் தங்காது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு 108 வண்டிக்காரர் ஸ்கேனை ஒரு பார்வை பார்த்து, எங்களைக் கேட்காமலே வண்டியைக் கோரிப்பாளையம் பக்கம் விட்டார். அரசு ராஜாஜி மருத்துவமனை என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் பழைய ஆட்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். எங்களுக்கு அது பெரியாஸ்பத்திரி.

அவசரப் பிரிவில் அட்டையை யாரும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், கிருமிக்கான ஊசி போட்டார்கள். விடிந்த பிறகு குடல் பிரிவிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்தார். காய்ச்சல் இறங்கி அம்மா கண் திறந்திருந்தாள். எந்த ஊர் என்று விசாரித்தார்.

“உசிலம்பட்டிங்களா? 58 கிராமக் கால்வாய்க்காரங்க. அந்தக் கால்வாய்ல ஒரு மடைல கல்லு உருண்டு அடச்சுக்கிச்சுன்னு வைங்க. தண்ணி அங்கிட்டுப் போகாம இங்கிட்டுத் தேங்கும்ல. உங்க வயித்துல பித்தம் அப்படித் தேங்கிக் கெடக்கு. அந்தக் கல்ல எடுத்துட்டா சரியாயிரும் ஆத்தா.”

அம்மா அந்த நிலையிலும் சொன்னாள்: “அந்தக் கால்வாய்ல தண்ணி வந்தாத்தானய்யா அடைக்கிறதுக்கு.”

வார்டே சிரித்தது. வைகைத் தண்ணீருக்காக எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை காலம் கொடி பிடித்தார்கள் என்பது அந்த டாக்டருக்கும் தெரிந்திருந்தது.

அட்டையைப் பற்றிய உண்மையான பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. காப்பீட்டுத் திட்டத்துக்கென்றே அரசு ஆஸ்பத்திரிகளில் வார்டு மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் நடுத்தர வயதுப் பெண். கையில் ஒரு நோட்டு, காதில் பேனா. படுக்கை படுக்கையாக வந்து, “யார்கிட்டல்லாம் அட்டை இருக்கு?” என்று கேட்டுக்கொண்டு போனார். நான் எழுந்து நின்று, அட்டை இல்லாவிட்டால் வைத்தியம் கிடையாதா என்று பயந்து கேட்டேன்.

“அட்டை இல்லாட்டியும் பாப்பாங்கம்மா, இது கவர்மென்ட் ஆஸ்பத்திரி. அட்டை இருந்தா ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும். அந்தப் பணத்துலதான் பலூனும் ஸ்டென்ட்டும் வாங்கறாங்க. உங்க அம்மா அட்டைல அடுத்த கட்டில்காரவுகளுக்கும் சாமான் வரும்.”

அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் தனியார் போலவே அங்கீகாரம் பெற்றவை. அவர்கள் செய்கிற சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை வருகிறது. அது ஆஸ்பத்திரியின் தேவைக்கும், ஒரு பங்கு வேலை பார்த்தவர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போகிறது. சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டும் என்றும் ஒதுக்கியிருக்கிறார்கள். இத்தனை நகல் எடுத்த எங்கள் கடையில் இதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அட்டை என்றாலே தனியார் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற டிக்கெட் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அந்த வார்டு மேனேஜர் ரிப்போர்ட்டுகளைக் கணினியில் ஏற்றி முன் அனுமதி கேட்டார். அனுமதி வந்தது. மறுநாள் காலை அம்மாவைக் குழாய் அறைக்குள் கொண்டுபோனார்கள்.

ஈ.ஆர்.சி.பி.யில் வாய் வழியாக விடுகிற குழாய் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடல் வரை போகும். சாதாரண எண்டோஸ்கோப்பியில் கண்ணாடி நுனியில் இருக்கும். இதில் பக்கவாட்டில் இருக்கும். பித்தநாளம் குடலுக்குள் திறக்கிற சின்ன மொட்டு பக்கச் சுவரில்தான் இருக்கிறது என்பதால் அந்த ஏற்பாடு. 1968இல் அமெரிக்காவில் முதன்முதலாக அந்த வாயிலுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியே, ஏறக்குறைய ஒரே நேரத்தில், அந்த வாயிலை மின்கம்பியால் கீறி அகலப்படுத்திக் கல்லை எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்னால் இந்தக் கல்லுக்கு வயிற்றைத் திறப்பதுதான் வழி. என் அப்பத்தாவின் காலத்தில் அம்மாவுக்கு இது வந்திருந்தால், கீழாநெல்லியும் குலசாமியும்தான்.

முன்னதாக டாக்டர் என்னிடம் கையெழுத்து வாங்கும்போது எதையும் மறைக்கவில்லை. நூற்றில் சிலருக்கு இதன் பிறகு கணையம் வீங்கும், சிலருக்கு ரத்தக் கசிவு வரும், அரிதாகக் குடலில் ஓட்டை விழும் என்றார். “பயமுறுத்தச் சொல்லல. தெரிஞ்சு கையெழுத்துப் போடணும்ல” என்றார். காசு கட்டச் சொன்ன இடத்தில் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கல் வந்துவிட்டது. கறுப்பாக, உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. நாளத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். சில நாளில் அரிப்பு நின்றது. அம்மா முதன்முறையாக இரவு முழுக்கத் தூங்கினாள். பிறகு வாசலில் இருந்த அம்மா உணவகத்துப் பொங்கல் வேண்டும் என்று கேட்டாள். டாக்டர் கஞ்சிதான் என்றார்.

அனுப்பும்போது அந்த வார்டு மேனேஜர், அம்மாவின் சீட்டின் மேல் சிவப்பு மையில் ஒரு தேதியை வட்டம் போட்டுக் கொடுத்தார். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டைச் சுமார் மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மறந்தால் அதுவே அடைத்துக்கொண்டு பழைய காய்ச்சல் திரும்பும். வலி போனதும் ஜனங்கள் வரமாட்டார்கள், கல்யாணம், அறுவடை என்று தள்ளிப்போட்டுவிட்டு வருடம் கழித்து நடுங்கிக்கொண்டு வருவார்கள் என்றார். இடையில் பித்தப்பையையும் லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். கல் உருவாகிற இடம் அது. அதை விட்டுவைத்தால் இன்னொரு கல் இறங்கும். அதுவும் அட்டையில்தான். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். எண்ணெய்ப் பணியாரம் கண்டால் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுப்பாள்.

இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்களைப் போன்றவர்கள் ஆட்டை விற்று, நகையை அடகு வைத்து, கந்து வட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்த்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திட்டம் நோய் என்னவென்று தெரிந்த பிறகுதான் வருகிறது. என்னவென்று தெரிந்துகொள்வதுதான் ஏழைக்குப் பெரிய செலவு. எந்த டாக்டர், எந்த ஸ்கேன், எந்த ஊர், எத்தனை பஸ், எத்தனை நாள் கூலி போனது என்று அந்தச் செலவுக்கு ரசீது கிடையாது. அதிலும் வயிறு பொல்லாதது. நெஞ்சு வலித்தால் இதய டாக்டர் என்று குழந்தைக்கும் தெரியும். வயிறு வலித்தால் அது வாயுவா, புண்ணா, கல்லா, கணையமா, புற்றா என்று தெரியாமல் ஜனங்கள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி முழுங்கிக்கொண்டே வருடங்களைக் கடத்துகிறார்கள். அட்டையை வைத்துக்கொண்டே கடத்துகிறார்கள்.

நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். இப்போது நகல் எடுக்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறேன். “வயித்துக்குங்கம்மா, எந்த ஆஸ்பத்திரில அட்டை செல்லும்?” என்று கேட்பார்கள். நான் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்வதில்லை. கேட்க வேண்டியதைச் சொல்லிக்கொடுப்பேன். முதலில், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குடல் பிரிவு வெளிநோயாளிகளைப் பார்க்கிற நாள் எது என்று விசாரித்து அங்கே போங்கள். நோய் என்னவென்று அங்கே காசில்லாமல் தெரிந்துவிடும். டாக்டரிடம், என்ன சிகிச்சை செய்ய வேண்டும் என்பதைச் சீட்டில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். தனியாருக்குத்தான் போவேன் என்றால், கவுன்ட்டரில் “அட்டை எடுப்பீங்களா?” என்று கேட்காதீர்கள். அந்தச் சீட்டைக் காட்டி, “இந்தச் சிகிச்சையை, இந்த ஆஸ்பத்திரியிலேயே, அட்டையிலேயே பண்ணுவீங்களா? பண்ற டாக்டர் இங்கதான் இருக்காரா?” என்று கேளுங்கள். தனியாகக் காசு கேட்டால் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணுக்குப் போன் போடுங்கள்.

சிலர் அதை நகலின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்வார்கள். எழுதித் தருகிறேன். முதலாளி பேப்பர் வீணாகிறது என்று முனகுவார், ஆனால் தடுப்பதில்லை.

இத்தனையையும் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் அந்தப் பலகை ஏற்கெனவே இருக்கிறது. தலைவர்களின் படத்துக்குக் கீழே வேண்டிய இடமும் இருக்கிறது. இந்த ஆஸ்பத்திரியில் அட்டையில் செய்யப்படும் சிகிச்சைகள் இவை, செய்கிற மருத்துவர் இருக்கிற நாட்கள் இவை என்று அங்கே எழுதச் சொல்லி ஓர் உத்தரவு போட்டால் போதும். எங்கள் கடைக்குப் பக்கத்திலிருக்கிற கலெக்டர் ஆபீசில் மனுநாள் திங்கட்கிழமை. மனுவை நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை இன்னொரு மனு போகும்.